தாரை வெறும் குழாய் அல்ல

படூரில் ஓஎம்ஆர் சாலையோரம் மாலை ஆறரை மணிக்கு நிற்பவர் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக விழிப்பதைப் பார்க்கலாம். சிறுசேரிப் பக்கமிருந்து கேளம்பாக்கம் வரை சாலை நெடுக ஒளிக்கோடு ஒன்று நீளும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு கல்பாக்கத்திலிருந்து கம்பி வழியே வந்திருக்கக்கூடும். அதற்காக, வெளிச்சமே கல்பாக்கத்தில் உண்டாகி, அத்தனை கிலோமீட்டர் பயணம் செய்து படூர்க் கம்பத்தின் உச்சியில் ஏறிக்கொண்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆற்றல் தொலைவிலிருந்து வருகிறது. வெளிச்சம் இந்தக் கம்பத்தில், இந்த விளக்கில் பிறக்கிறது.

கருந்துளைகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது மட்டும் இந்த எளிய வேறுபாடு தொலைந்துபோகிறது. ரேடியோ அலைகளை வலுவாக வீசும் ரேடியோ கேலக்ஸி ஒன்றின் நடுவிலிருந்து பல்லாயிரம் ஒளியாண்டு நீளத்துக்குப் பாயும் தாரையின் படத்தைப் போட்டு, ‘கருந்துளை உமிழும் ஒளிக்கற்றை’ என்று கீழே எழுதிவிடுகிறோம். கருந்துளையின் வாசலில் துகள்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு முடுக்கப்படுகின்றன. பிறகு அவை குழாய்த் தண்ணீர் போல வெளியே ஓடுகின்றன. ஓடும் வழியில் சூடு ஆறுகிறது, அந்தச் சூட்டைத்தான் அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் பார்க்கின்றன. மேடைப் பேச்சிலும் காணொளியிலும் பள்ளிக் கண்காட்சி அட்டையிலும் திரும்பத் திரும்ப வரும் சித்திரம் இது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு பெரிய பிழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அகச்சிவப்பு என்றால் வெப்பம் என்பது ஒன்று. முடுக்கம் முழுவதும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது, தாரை வெறும் குழாய் என்பது மற்றொன்று. முதல் பிழையைக் கழற்றினால்தான் இரண்டாவது பிழை கண்ணுக்குத் தெரியும்.

முதலாவதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். இருட்டிய அறையில் டிவி ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில், ரிமோட்டின் நுனியிலுள்ள சின்னக் குமிழ் வெளிர் ஊதா நிறத்தில் துடிப்பது தெரியும். அந்தத் துடிப்பு அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலான ரிமோட்டுகளில் அதன் அலைநீளம் 940 நானோமீட்டரை ஒட்டியிருக்கும். இப்போது அந்தக் குமிழைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். சுடாது. அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லும் அகச்சிவப்பை வீசுகிறது, குளிர்ந்து கிடக்கும் ரிமோட்டும் வீசுகிறது. ஒன்றில் காரணம் வெப்பம். மற்றொன்றில் குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் நிலை மாறுவது. அகச்சிவப்பு என்பது ஒளியின் ஓர் அலைநீளப் பகுதி, அவ்வளவுதான். அது எப்படிப் பிறந்தது என்பதைத் தனியே விசாரிக்க வேண்டும்.

ரேடியோ கேலக்ஸித் தாரைகளில் அந்த விசாரணை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கன்னி விண்மீன் கூட்டத்தின் திசையில் சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் எம்87 என்ற பெரிய கேலக்ஸி இருக்கிறது. 1918-ல் ஹீபர் கர்ட்டிஸ் அதன் படத்தில் விசித்திரமான நேர்க்கோடு ஒன்று மையத்தோடு ஒட்டியிருப்பதைக் குறித்து வைத்தார். அதன் ஒளி எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகள் புரியாமலே கிடந்தது. காந்தப்புலத்தில் சுழன்று செல்லும் அதிவேக எலக்ட்ரான்கள் வீசும் சிங்க்ரோட்ரான் ஒளிதான் அது என்று சோவியத் வானியலர் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி சொன்னார். அப்படியானால் அந்த ஒளி முனைவாக்கம் பெற்றிருக்க வேண்டும், அதாவது அதன் அலைகள் ஒரே தளத்தில் அதிர வேண்டும். 1956-ல் வால்டர் பாடே பாலோமர் மலையின் ஐந்து மீட்டர் தொலைநோக்கியில் வடிகட்டி பொருத்திச் சோதித்தார். முனைவாக்கம் இருந்தது.

கோவளம் கடற்கரையில் வெயிலுக்குப் போலராய்டு கண்ணாடி அணிந்தவர் தலையைச் சாய்த்துப் பார்த்தால், கடல்நீரின் கூச்சம் கூடுவதும் குறைவதும் தெரியும். பாடே செய்ததும் அடிப்படையில் இதே சோதனைதான். காய்ந்த இரும்பின் ஒளியோ சூரியனின் நேரொளியோ இப்படி மாறாது. வெப்பத்தால் பிறக்கும் ஒளிக்குத் திசைப்பிடிவாதம் கிடையாது. காந்தப்புலத்தில் பிறக்கும் ஒளிக்கு உண்டு.

வெப்பக் கட்சியினர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கேலக்ஸிகளில் தூசு உண்டு. தூசு நட்சத்திர ஒளியைக் குடித்து அகச்சிவப்பாகத் திருப்பித் தருகிறது. நமக்கு மிக அருகிலுள்ள பெரிய ரேடியோ கேலக்ஸியான சென்டாரஸ் ஏ-வின் இடுப்பில் தடித்த தூசுப் பட்டை ஒன்று குறுக்கே ஓடுகிறது; அது ஒளிர்வது வெப்பத்தால்தான். ஆனால் அதே கேலக்ஸியிலிருந்து வெளியேறும் தாரையிலும் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பைப் பிடித்தது. அந்த முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. தூசின் ஒளியைப் பல அலைநீளங்களில் அளந்து வரைந்தால் ஒட்டக முதுகு போல ஒரு திமில் எழும். தாரையின் ஒளி ரேடியோவிலிருந்து அகச்சிவப்பு வழியாக எக்ஸ்-கதிர் வரை திமில் இல்லாமல், ஒரே சரிவாக இறங்கி, பிறகு இன்னும் செங்குத்தாக வளைகிறது. வளைவு எந்த இடத்தில் விழுகிறது என்பதைச் சொல்வது அகச்சிவப்பு. எலக்ட்ரான்களின் வரலாறு அந்த வளைவில் எழுதப்பட்டிருக்கிறது.

இனி குழாய்க் கதைக்கு வருவோம்.

ஒளி வீசும் எலக்ட்ரான் சும்மா வீசுவதில்லை. தன் ஆற்றலைச் செலவழித்து வீசுகிறது. இதை நம் நாட்டிலேயே தினமும் பார்க்கிறார்கள். இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இண்டஸ்-2 என்ற எலக்ட்ரான் வளையம் இருக்கிறது. சுற்றளவு 172.5 மீட்டர், எலக்ட்ரான்களின் ஆற்றல் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட். ஒவ்வொரு சுற்றிலும் எலக்ட்ரான் தன் ஆற்றலில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கைச் சிங்க்ரோட்ரான் ஒளியாக இழக்கிறது. அதனால் வளையத்தில் ரேடியோ அலைவரிசைக் குழிகளை வைத்து, சுற்றுக்குச் சுற்று இழந்ததை ஈடுகட்டுகிறார்கள். அந்த ஊட்டத்தை நிறுத்தினால் கற்றை சில மில்லி விநாடிகளுக்குள் அழிந்துபோகும். ஒளிர்ந்துகொண்டே இருக்கிற எலக்ட்ரான் கூட்டத்தை எங்கே கண்டாலும், அதற்கு ஊட்டுகிற கை ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

கேலக்ஸித் தாரையில் காந்தப்புலம் மிக மெல்லியது. எம்87-ன் தாரையில் பொதுவாக மதிப்பிடப்படும் அளவு, பூமியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் எலக்ட்ரான்கள் இண்டஸ் வளையத்தில் போல மில்லி விநாடியில் செத்துவிடுவதில்லை. ஆனாலும் அவற்றுக்கு ஆயுள் உண்டு, அந்த ஆயுள் எந்த ஒளியை வீசுகின்றன என்பதைப் பொறுத்தது. சென்டிமீட்டர் அலைநீள ரேடியோவை வீசும் எலக்ட்ரான் லட்சம் ஆண்டுக்கு மேல் தாங்கும். அகச்சிவப்பை வீசுவது ஆயிரம் ஆண்டு தாங்காது. எக்ஸ்-கதிர் வீசுவதற்கு இருபது, முப்பது ஆண்டுதான். எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஆண்டுக்கு ஓர் ஒளியாண்டுக்கு மேல் போக முடியாது. எம்87-ன் தாரையோ ஐயாயிரம் ஒளியாண்டுக்கும் மேல் நீள்கிறது. அந்த நீளம் முழுவதும் அகச்சிவப்பிலும் எக்ஸ்-கதிரிலும் ஒளிர்கிறது.

ஓஎம்ஆர் குடியிருப்புகளில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வழியெல்லாம் ஒழுகும் லாரி ஒன்று படூரில் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறது. ஒழுகும் வேகத்துக்குத் திருப்போரூர் போவதற்குள் காலியாகிவிட வேண்டும். மாமல்லபுரத்திலும் அது குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தால், படூரில் எவ்வளவு நிரப்பினார்கள் என்று ஆராய்வதால் பயனில்லை. வழியில் எங்கே நிரப்பினார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் குழாய்க் கதை ஏன் நிலைத்தது? நம் ஊர் அனுபவத்திலேயே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரேடியோ கேலக்ஸி என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வர வேண்டியது உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது. 1970-ல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1,100 எஃகுக் கம்பிகள் நெடுக ஓடுகின்றன. அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் கிடத்தியிருப்பதால், நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே சுழற்சியால் வானத்துப் பொருளைப் பல மணி நேரம் தொடர முடிகிறது. இந்தியப் பொறியியலில் இதைவிட அழகான யோசனைகள் அதிகம் இல்லை. நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தை அளந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களின் கோண அளவை அங்கே கணித்தார்கள். தொலைவிலுள்ள மூலங்கள் எவ்வளவு சிறியவை என்று ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975-ல் காட்டியது, பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கொள்கைக்கு எதிரான சான்றாயிற்று.

ஆனால் முத்தோரைத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரேடியோ கேலக்ஸியின் தாரைகள் போய் முடியும் அகன்ற மடல்களில் அந்த அலையை வீசும் எலக்ட்ரான்களின் ஆயுள் பத்துக் கோடி ஆண்டு அளவில் இருக்கும். அவ்வளவு நீண்ட ஆயுள் உள்ளவை எங்கே பிறந்திருந்தாலும் மடலின் கடைக்கோடி வரை வந்து சேர்ந்துவிடும். அவற்றைப் பார்த்து, ‘நீ நடுவில் பிறந்தாயா, வழியில் பிறந்தாயா’ என்று கேட்டால் பதில் வராது. தாரைகளைப் பற்றிய நம் மனச்சித்திரம் பெரும்பாலும் ரேடியோ வரைபடங்களால் உருவானது. ரேடியோவுக்குக் குழாயும் ஒன்றுதான், தெருவிளக்கு வரிசையும் ஒன்றுதான். இந்த வழக்கில் குறைந்த ஆயுள் உள்ள எலக்ட்ரான்தான் நம்பகமான சாட்சி. அது பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போயிருக்க முடியாது. அகச்சிவப்பு அந்த வகைச் சாட்சிகளின் தொடக்கம்.

குழாய்க் கதைக்கு அறிஞர்கள் தரப்பில் வலுவான வாதங்களும் உண்டு. அவற்றைத் தொடாமல் மறுப்பு எழுதுவது முறையாகாது.

முதல் வாதம்: காந்தப்புலத்தை அதிகமாக மதிப்பிட்டுவிட்டீர்கள். 1997-ல் செபாஸ்டியன் ஹைன்ஸும் மிட்செல் பெகல்மனும் எம்87-க்கு இதைத்தான் சொன்னார்கள். புலம் பத்தில் ஒரு பங்காக இருந்தால் எலக்ட்ரானின் ஆயுள் முப்பது மடங்கு கூடும். தாரையே நம்மை நோக்கி ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் பாய்வதால் கால நீட்சியும் சேர்ந்துகொள்ளும். அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வீசும் எலக்ட்ரான்கள் நடுவிலிருந்தே வந்திருக்கலாம். நேர்மையான வாதம். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடும் அகச்சிவப்போடும் கதை முடிந்திருந்தால் இது வென்றுகூட இருக்கும். ஆனால் அதே முப்பது மடங்கை எக்ஸ்-கதிர் எலக்ட்ரானுக்குக் கொடுத்தால் சில நூறு ஆண்டுதான் வருகிறது. ஐயாயிரம் ஒளியாண்டு கடக்க அது போதாது. 1999-ல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி அந்தத் தாரை நெடுக எக்ஸ்-கதிர் முடிச்சுகளைப் பிரித்துக் காட்டியது.

அந்த முடிச்சுகளில் மையத்துக்கு அருகே எச்எஸ்டி-1 என்று பெயரிடப்பட்ட ஒன்று, 2000-க்கும் 2005-க்கும் இடையே எக்ஸ்-கதிரில் ஏறக்குறைய ஐம்பது மடங்கு பிரகாசமாகி, பிறகு மங்கியது. கருந்துளையிலிருந்து இருநூறு ஒளியாண்டுக்கும் மேல் விலகி நிற்கும் ஒரு புள்ளி, சில மாதங்களுக்குள் ஏறியும் இறங்கியும் துடிக்கிறது. தொலைவில் எப்போதோ முடுக்கப்பட்டு ஆறிக்கொண்டு வரும் துகள்களால் இது முடியாது. அந்த இடத்திலேயே முடுக்கம் நடந்திருக்கிறது, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இரண்டாம் வாதம் இன்னும் சாமர்த்தியமானது. சந்திராவின் முதல் இலக்குகளில் ஒன்றான தொலைதூரக் குவேசார் (நடுப்புள்ளி மிகப் பிரகாசமாகத் தெரியும் கேலக்ஸி) ஒன்றில் எதிர்பாராத எக்ஸ்-கதிர்த் தாரை தெரிந்ததும், பலர் இப்படி விளக்கினார்கள்: அது சிங்க்ரோட்ரான் ஒளியே இல்லை. பிரபஞ்சம் முழுதும் நிறைந்துள்ள நுண்ணலைப் பின்னணி ஒளியை, ஆற்றல் குறைந்த, நீண்ட ஆயுள் கொண்ட எலக்ட்ரான்கள் மோதி எக்ஸ்-கதிராக உயர்த்துகின்றன. எனவே வழியில் புதிய முடுக்கம் தேவையில்லை. பத்தாண்டுக்கும் மேலாக இதுவே பெரும்பான்மைக் கருத்தாக இருந்தது.

இந்தக் கருத்தை முதலில் அசைத்தது அகச்சிவப்புதான். 3சி 273 என்ற குவேசாரை எடுத்துக்கொள்வோம். அதன் இடத்தைத் துல்லியமாக நிறுவியதும், முத்தோரையில் பின்னாளில் கைக்கொண்ட அதே உத்தி: 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹஸார்டும் குழுவினரும் நிலவு அதை மறைத்த கணத்தை அளந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ட்டன் ஷ்மிட் அதன் தொலைவைக் கண்டறிந்தார். சுமார் 240 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள அதன் தாரையை 2006-ல் ஸ்பிட்சர் அகச்சிவப்பில் அளந்தபோது, ரேடியோவிலிருந்து இறங்கி வரும் சரிவு அகச்சிவப்பிலேயே சாய்ந்துவிடுவதும், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து எக்ஸ்-கதிர் வரை வேறொரு கூறு எழுவதும் தெரிந்தன. இரண்டு எலக்ட்ரான் கூட்டங்கள்! அகச்சிவப்பு அளவீடு இல்லாத வரை, நடுவில் விழும் அந்தப் பள்ளம் யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டாவது கூறு நுண்ணலைப் பின்னணியை உயர்த்துவதால் வருகிறதென்றால், அதே இயக்கம் காமாக் கதிரையும் இவ்வளவு என்று கணித்துச் சொல்லும்படி கொடுத்தாக வேண்டும். 2008-ல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கியின் தரவுகளை வைத்து எய்லீன் மேயரும் மார்க்கோஸ் ஜார்ஜனோபூலோஸும் தேடினார்கள். எதிர்பார்த்த அளவு காமா இல்லை என்று 2014-ல் அறிவித்தார்கள். 3சி 273-ல் அந்த விளக்கம் அத்தோடு விழுந்தது. மிஞ்சுவது, தாரையில் பல்லாயிரக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கும் இடங்களிலும் எலக்ட்ரான்கள் புதிதாக முடுக்கப்படுகின்றன என்பதுதான்.

சென்டாரஸ் ஏ-வைப் பற்றிய தீர்ப்பு 2020 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நமீபியாவின் மேட்டு நிலத்தில் உள்ள ஹெஸ் காமாக் கதிர்த் தொலைநோக்கிகள் இருநூறு மணி நேரத்துக்கும் மேல் அதை நோக்கியிருந்தன. மிக உயர் ஆற்றல் காமாக் கதிர்கள் நடுப்புள்ளியிலிருந்து மட்டும் வரவில்லை. தாரையின் திசையில் ஏழாயிரம் ஒளியாண்டுக்கும் மேல் நீண்டு பரவியிருந்தன. அதற்குத் தேவையான எலக்ட்ரான்கள் சில நூறு ஆண்டுகூடப் பிழைக்காதவை. விளக்கு வரிசைக்கு இதைவிட நேரடியான படம் கிடைப்பது அரிது.

வழியில் முடுக்குவது எது? எல்லாத் தாரைக்கும் ஒரே விடை பொருந்துவதாகத் தெரியவில்லை. அடிப்படை யோசனையை என்ரிகோ ஃபெர்மி 1949-ல் தந்தார். இரண்டு மட்டையாளர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தபடியே ஒரு பந்தை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எதிரே வரும் மட்டையில் பட்டுத் திரும்பும் பந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் வேகம் பெறும். தாரையில் வேகமான ஓட்டம் மெதுவான ஓட்டத்தின் மேல் மோதும் இடத்தில் அதிர்ச்சி அலை நிற்கிறது. அதன் முன்னும் பின்னுமுள்ள காந்தக் கொந்தளிப்பு அந்த இரண்டு மட்டைகள். 1977, 1978-ல் நான்கு தனித்தனிக் குழுக்கள் இதைக் கணிதமாக்கின. எம்87-ன் முடிச்சுகளுக்கு இது பொருந்துகிறது. சென்டாரஸ் ஏ-வில் முடிச்சுகளுக்கு இடையேயும் பரவலாக எக்ஸ்-கதிர் தெரிகிறது. அங்கே முடிச்சுகள் மட்டும் போதாது. தாரையின் நடுப்பகுதி விளிம்பைவிட வேகமாக ஓடுவதால் ஏற்படும் உராய்வும், முறுக்கிய காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணைவதும் பங்காற்றுவதாக ஆராய்கிறார்கள். இதில் கட்சிகள் உண்டு. தாரை வெறும் குழாய் என்ற கட்சி மட்டும் இப்போது அங்கே இல்லை.

படக்குறிப்பில் ஒரு சொல் பிசகியதற்கு இவ்வளவு வாதமா என்று சிலர் கேட்கக்கூடும். கேலக்ஸியின் நடுவிலுள்ள ஒரு பூதத்தின் வாயில்தான் எல்லாம் நடக்கிறது என்று சொல்லி வளர்க்கப்பட்ட மாணவர், அந்த வாயின் படம் வெளியான 2019 ஏப்ரல் 10-ஆம் தேதியோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். எம்87 கருந்துளையின் அந்த வளையம் பெருஞ்சாதனைதான். ஆனால் இயற்கையின் மிகப் பெரிய துகள் முடுக்கிகள் வளையத்துக்கு வெளியே, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தள்ளி, இன்னும் சரியாகப் புரியாமல் நிற்கின்றன. 2025-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த எம்87 தாரையின் அகச்சிவப்புப் படங்கள் வெளியாயின. எதிர்ப்பக்கத் தாரையின் மங்கிய சுவடும் அவற்றில் இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் காமாக் கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டிருக்கிறது. தாரைகளைப் படிக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளையும் அழைக்கிற கருவிகள் இவை. குழாயில் ஆராய என்ன இருக்கிறது என்று அவர்கள் திரும்பிப் போய்விடக் கூடாது. ‘கருந்துளை ஆற்றல் தரும் தாரை; துகள்கள் வழி நெடுக முடுக்கம் பெறுகின்றன’ என்று எழுதினால் போதும். பழைய வரியைவிட ஆறு சொல்தான் கூடுதல்.

மே மாத நடுவில் இரவு பத்து மணியளவில் சென்டாரஸ் ஏ நமக்கு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து சுமார் 34 டிகிரி உயரத்தில் நிற்கும். படூரில் சாலை வெளிச்சம் அதை விழுங்கிவிடும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, விளக்கு குறைந்த மணலில் நல்ல இருகண் நோக்கியில் ஒரு பஞ்சுப் பொட்டாக அகப்படலாம். நம் கண் ரேடியோவைப் பார்க்குமானால் அந்தப் பொட்டின் மடல்கள் வானத்தில் எட்டு டிகிரி, பதினாறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கிய நீளத்துக்கு விரிந்திருக்கும். அந்த வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டு ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தாரையில் அதன் அகச்சிவப்பை வீசிய எலக்ட்ரான்களோ சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அணைந்திருக்கும். இன்று அங்கே எரிபவை, அவை அணைந்த பிறகு அதே தாரையில் வேறு வேறு இடங்களில் ஏற்றப்பட்டவை.